கேப்டனிடம் வலியைச் சொல்லாதவர்

எதிர்வீட்டுக்காரர் இன்று காலை வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை என் அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த பால் பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஐயா. எழுந்து நிற்கவே முடியாத நீங்கள், கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூவைப் பளபளவென்று வைத்திருந்தீர்கள். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அபிராமபுரத்தில் எங்கள் சின்ன நர்சிங் ஹோமுக்கு உங்களைக் கொண்டுவந்தபோது புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. முதல் நாள் நன்றாகவே கத்தினீர்கள். "யம்மா சிஸ்டரு, இடுப்ப முறிக்கிற மாதிரி கீது, எதுனா போடும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஊசி போட்டேன், தூங்கினீர்கள். மறுநாள் உங்கள் பெட்டியில் பர்மா சண்டையில் வாங்கிய மெடலைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உங்களைக் குஷிப்படுத்துவதாக நினைத்து, "நானும் மிலிட்டரி நர்ஸ்தான் ஐயா, பங்களாதேஷ் சண்டையில கேப்டனா இருந்தேன்" என்றேன். படுத்தபடியே இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி விறைத்தீர்கள். "ஹவில்தாருங்க, மேடம்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடவே இல்லை.

"எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க மேடம்." ஆபீசரிடம் போய்ச் சிப்பாய் வலிக்கிறது என்று சொல்வானா? எனக்குத் தெரியாததா இது! போர்முனைக் கூடாரத்தில், வயிற்றில் குண்டு பாய்ந்தவன்கூட என்னிடம் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னான். அதனால் நாங்கள் முகத்தைப் பார்க்க மாட்டோம். போர்வையை விலக்கிக் கால் விரல்களைப் பார்ப்போம். வலித்தால் விரல்கள் மடங்கிக்கிடக்கும். அதை மறந்துபோனேன் பாருங்கள், நானும் ஒரு நர்ஸ்! நீங்கள் சிரித்தீர்கள், நான் சார்ட்டில் 'வலி இல்லை' என்று எழுதினேன். பத்து நாள் எழுதினேன்.

பதினோராம் நாள் உங்கள் மனைவி என்னை வராந்தாவில் மடக்கினார். "இன்னா சிஸ்டரு, நெஜமாவே ஒனக்குத் தெரியலியா? நீ வந்தா சிரிக்கிறாரு. நீ அந்தாண்ட போனதும் துண்டைக் கடிச்சிக்கினு அழுவுறாரு. மேடத்தாண்ட சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

நேராக உங்களிடம் வந்து கத்தினேன். "என்ன வீம்பு ஐயா இது? இது ஆர்டர். மணிக்கொரு தடவை எனக்கு உண்மையா ரிப்போர்ட் பண்ணணும்." "தாங்க முடியலீங்க மேடம்" என்றீர்கள். பத்து நாள் அழுகையும் சேர்ந்து வந்தது.

வழக்கமான ஊசி எதுவும் அதற்குள் கேட்காமல் போயிருந்தது. டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று ஆட்டோவில் அலைந்தேன். "அதெல்லாம் கடையில வைக்க மாட்டோம்மா, லைசென்ஸ் வோணும்" என்றார்கள். மருந்து இருந்த ஒரே ஆஸ்பத்திரியில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் வீணாக்கிய பத்து நாளில் அந்த ஒரு வாரம் இருந்தது.

நீங்கள் உத்தரவை மீறவில்லை. மணிக்கொரு தடவை, "வலிக்குதுங்க மேடம்." நான் வெறுங்கையோடு நின்றேன். விண்ணப்பம் கொடுத்த நான்காம் நாள் மதியம் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. சிரிஞ்சில் வெறும் டிஸ்டில்ட் வாட்டரை ஏற்றி, "மருந்து வந்துடுச்சு ஐயா" என்று சொல்லிப் போட்டேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இப்ப நல்லா இருக்குங்க மேடம்" என்றீர்கள். அதற்கப்புறம் ஒரு ரிப்போர்ட்டும் வரவில்லை. சாயங்காலம் போய்விட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். "நீ போட்ட கடைசி ஊசிதாம்மா, நோவில்லாம போய்ச் சேந்தாரு" என்று என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு இருக்கிற அந்த ஒரு நிம்மதியும் போய்விடும்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன், ஐயா. அது தண்ணீர். தெரிந்துதான் எனக்காக அப்படிச் சொன்னீர்களா? அந்தக் கடைசிச் சில மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தீர்களா? இனி எந்த ஊசியைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வி என்னை விடப்போவதில்லை. பரவாயில்லைங்க மேடம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.