ஓர் ஓலை கூடிய குடம்

மழை தவறாத வேங்கைமலைக்கும் மடை வற்றாத மருதக்கரை மண்டலத்துக்கும் நலம் பெருகுக. எழுவர் அமர்ந்த அரியணையில் எட்டாமவராய் வீற்றிருக்கும் வேங்கைமலைக் கோமான் அரிமருதர், மருதக்கரையை எமக்காகக் காத்து நிற்கும் மண்டல நாயகம் திருவிளங்கனாருக்கு விடுக்கும் திருமுகம். உமது மனையும் மக்களும் மதகும் மாடமும் வாழ்க. இதனை அவையில் வாசிப்பதற்கு முன் நீர் ஒருமுறை தனியே வாசிப்பீராக.

மூன்று நாள் முன்பு உமது ஓலை வந்தது. நாட்டவைத் தேர்தலில் முப்பத்தாறு கூற்றங்களுள் இருபத்தேழு, கிணறு வெட்டும் பொதியனின் பக்கம் போயின என்றும், எம் தேவியின் தம்பி விடங்கராயருக்கு எஞ்சியவை ஒன்பதே என்றும் எழுதியிருந்தீர். யாமே இயற்றிய சட்டப்படி, வரும் முழுமதி நாளில் பொதியன் முதல்வர் இருக்கையில் அமர வேண்டும். மண் வெட்டிக் கை முழுதும் காய்ப்பேறியவன்! அந்த இருக்கைக்குப் பட்டு விரித்தவர் யாம்.

ஆனால் உமது ஓலையின் கடைசி நான்கு வரிகள் எமக்குத் தேனாய் இனித்தன. பொதியன் தானே நின்று வென்ற துறைமேட்டுக் கூற்றத்தில் பெயர் பதிந்து குடத்தருகே வந்தவர் ஆயிரத்து நானூற்று ஆறு பேர். குடத்தில் கிடந்த ஓலைகளோ ஆயிரத்து நானூற்று ஏழு. ஓர் ஓலை மிகுந்தாலும் அக்கூற்றத்துத் தேர்தலை மன்னர் செல்லாதாக்கலாம் என்பது சட்டம். உறுப்பினனே இல்லை என்றானபின் அவன் எங்ஙனம் முதல்வன் ஆவான்? ஆணைக்குக் காத்திருப்பதாக எழுதியிருந்தீர். அந்த மிகை ஓலையையும் பட்டில் பொதிந்து உடன் அனுப்பியிருந்தீர்.

திருவிளங்கனாரே, அதில் எழுதியிருந்த பெயர் அரிமருதன். நிற்கவே நிற்காத ஒருவரின் பெயர். "இன்னார் கை என்று துணியக் கூடவில்லை" என்று வேறு எழுதியிருந்தீர். முப்பது ஆண்டுகளாய் எம் ஓலைகளை வாசிப்பவர் நீர். பெயரின் கடைசி எழுத்தில் யாம் இடும் வாற்சுழியை உமது கண் அறியாதா? நீர் பெரிய ஆள் ஐயா.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கின்றோம்.

தேர்தல் நாளன்று வெற்றிலை வணிகர் கோலத்தில் யாம் துறைமேட்டில் நின்றோம். மக்கள் எதைக் கண்டு அவன் பின்னால் ஓடுகின்றனர் என்று எம் கண்ணாலேயே காண வேண்டியிருந்தது. பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரி ஒருத்தியிடம், மன்னர் எப்படிப்பட்டவர் என்று வினவினோம். அவள் மொழியை மாற்றாமல் அப்படியே வரைவிக்கின்றோம்: "ராசாவா? நல்ல மனுசருதான், குத்தம் சொல்லப்படாது. ஆனா அவரை யாரு கேட்டுக்கிட்டு வச்சா? பொதியனை நாங்கதானே வைக்கப் போறோம்!"

அம்பு பட்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திராது. எம் தந்தை வைத்தார், அவரை அவர் தந்தை வைத்தார். எம்மை வேண்டும் என்று எவரும் ஒரு துண்டு ஓலையில்கூட எழுதியதில்லை.

சீட்டு எழுதித் தருபவனிடம் ஓர் ஓலை கேட்டோம். யார் பெயர் எழுத என்றான். யாமே எழுதிக்கொள்வோம் என்றோம். "எழுத்துத் தெரிஞ்ச வெத்தலைக்காரரா? சரிதான், நாடு உருப்பட்டுரும்" என்று நகைத்தான். எழுதினோம். குடத்தருகே காவலன் பட்டியலை விரித்துப் பெயர் கேட்டான். அந்தக் கணத்தில் தெருமுனையில் பேரிரைச்சல். பொதியன் வருகின்றான்! வரிசை கலைந்தது. காவலனும் பலகையை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தான். பெண்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றினர். நாடாளும் மன்னன் மூன்று முழத் தொலைவில் நிற்க, ஒரு கண்கூட எம் பக்கம் திரும்பவில்லை.

ஓலை குடத்துக்குள் விழுந்தது. ஒலிகூட எழவில்லை.

உமது ஓலை வந்தபின் இரண்டு நாள் மகிழ்ந்திருந்தோம் என்பதை மறைக்கவில்லை. தேர்தலைச் செல்லாதாக்கும் ஆணையை எழுதி முடித்து, முத்திரைக்கு அரக்கும் உருக்கிவிட்டோம். அப்போதுதான் தேவியார் அவ்விடம் வந்து பட்டுப் பொதியை அவிழ்த்தார். சுழியைக் கண்டார். எம்மைக் கண்டார். "உங்க கையால உங்களுக்கே போட்டும் ஒண்ணுதானா? என் தம்பிக்குப் போட்டிருந்தா அவனுக்காவது ஒண்ணு கூடியிருக்குமே" என்று சொல்லிவிட்டு, கண்ணீர் வரச் சிரித்தார். அரக்கு ஆறிப்போயிற்று.

மறு தேர்தல் வைத்தால் அவன் இன்னும் பெருகி வருவான் என்பது ஒரு காரணம். அதை எழுதினால் அரசதந்திரம் என்று நீர் மெச்சுவீர். உண்மைக் காரணம் வேறு. ஆயிரத்து நானூற்று ஆறு பேர் மனமறிந்து எழுதியதை, தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவனின் ஓர் ஓலையால் அழிப்பதா? அதன்பின் அந்த மீன்காரி சொன்னதற்கு எம்மிடம் என்றைக்கும் மறுமொழி இராது.

ஆதலால் எமது ஆணை இது. துறைமேட்டுத் தேர்தல் செல்லும். முழுமதி நாளில் பொதியன் முதல்வர் இருக்கையில் அமர்க. கள்ள ஓலை இட்டவன், அந்தக் குடத்தைத் தலையில் சுமந்து, வென்றவர் பின்னே ஊர்வலம் வர வேண்டும் என்பது எமது சட்டமே. அன்று வைகறையில் யாம் துறைமேட்டுக்கு வந்து சேர்வோம். பல்லக்கு வேண்டா, குடை வேண்டா. குடத்தை மட்டும் கழுவி வையும்.

இன்னும் ஒன்று. இந்த ஒன்றை மட்டும் அவையில் வாசிக்க வேண்டா. அன்று தெருவில் திரளும் கூட்டத்தில் அவனைக் காண வந்தவர் எத்தனை பேர், எம்மைக் காண வந்தவர் எத்தனை பேர் என்று ஆள் வைத்துத் தனித்தனியே எண்ணி எமக்கு எழுதுவீராக.

வேங்கை முத்திரை இட்டு, எம் கைப்படச் சுழியும் இட்டு விடுத்தோம். ஆணை நிலைக்க.

அரிமருதன்