டெக்கில் நிற்கும் ஆரஞ்சுச் சட்டைக்காரி

ஹோபார்ட்
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள டீகன் கண்ணுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் தெம்போடு இருக்கிறோம், அங்கே நார்வேக் குளிரில் நீயும் உன் கப்பலும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். அம்மா ஆப்ரிகாட் ஜாம் காய்ச்சியதில் கதவுக் கைப்பிடிகூட ஒட்டுகிறது, உனக்கென்று இரண்டு பாட்டில் ஒதுக்கியிருக்கிறாள், எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

பெரிய சேதி, உன் அப்பா கப்பல் கட்டுகிறான். சிரிக்காதே. நீ போனதிலிருந்து நம் பொம்மைப் போர் மேஜையில் என்னை எதிர்த்து விளையாட ஆளில்லை, நாம் சாயம் பூசிய குட்டிச் சிப்பாய்களெல்லாம் தூசி படிந்து நின்றார்கள். நவம்பர் புயலில் உன் கப்பலிலிருந்து தகவலே வராமல் இருந்ததே, அப்போது கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, கடைக்குப் போய் உன் கப்பல் சாயலில் ஒரு சர்வே கப்பலை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டியை வாங்கி வந்துவிட்டேன். சிப்பாய்க்குச் சாயம் பூசத் தெரிந்தவனுக்குக் கப்பல் எம்மாத்திரம் என்று நினைத்தேன், அங்கேதான் மண்ணைக் கவ்வினேன். சிப்பாய்கள் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரிய வேண்டும் என்று நிழலைக் கருப்பாகவும் ஓரத்தை வெளுப்பாகவும் அழுத்திப் பூசுவோமே, அதே பழக்கத்தில் துருவும் கறையுமாகத் தீட்டி மாடல் கப்பல் கிளப்புக்கு எடுத்துப் போனேன். கிளப் தலைவி கிளெனிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "ஏன் ரஸ், இது கடல்ல போற கப்பலா, கடலுக்கடியிலேர்ந்து தோண்டி எடுத்ததா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் நல்ல மனுஷி, தூரத்தில் போகிற கப்பலைப் பார்ப்பதாக நினைத்து நிறத்தையெல்லாம் மங்கலாக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். எதையும் கையில் தூக்கிப் பார்க்கிற என் புத்தி வேறு, கிளப்பில் ஒருவர் கப்பலின் ஏரியல் கம்பியை ஒடித்துவிட்டேன், பாவம், டீ குடிக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் லாமிங்டன் கேக்கோடு போய் மன்னிப்புக் கேட்டேன்.

பழைய சாயத்தையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். நானே சொல்லக் கூடாது, நன்றாக வந்தது. ஆனால் கப்பலின் மேல் டெக் ஆளில்லாமல் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நம் படையிலேயே சின்னவன் ஒருவனை எடுத்து, துப்பாக்கியைச் செதுக்கி எறிந்து, உன்னைப் போலப் பின்னல் வைத்து, ஆரஞ்சுச் சட்டை தீட்டி, டெக் கம்பியோரம் நிறுத்தினேன். அரிசி மணி அளவுதான். அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம் பொண்ணு" என்றாள்.

நகர நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைக்க கிளப்பில் வருஷம் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுப்பார்கள், இந்த வருஷம் என்னுடையது என்றார்கள். எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் பெட்டிக்குப் போகும் கப்பலில் ஆள் இருக்கக் கூடாதாம், அது அவர்கள் வழக்கம். கிளெனிஸ் இடுக்கியை நீட்டி, "ஒரு நிமிஷ வேல ரஸ், அந்த ஒருத்திய எடுத்துடு" என்றாள். வாங்கிக்கொண்டேன் கண்ணு, கை போகவில்லை. நம் போர் மேஜையிலிருந்து ஓர் ஆளை எப்போது எடுப்போம், செத்தால்தானே. நவம்பரில் இருந்த பயம் அப்படியே திரும்ப வந்தது. இவள் என் மகள், இறங்க மாட்டாள் என்று மட்டும் சொன்னேன். கிளெனிஸ் இடுக்கியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெட்டிக்கு வேறொருவர் படகு போயிற்று. நீ கப்பலோடு நம் சமையலறை ஜன்னலில் நிற்கிறாய். எனக்கு வருத்தமில்லை, இருந்தாலும் கொஞ்சம்தான்.

அடுத்த பயணத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உனக்குப் பிடித்த வேலை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், போகிற கடலெல்லாம் உனக்கு அனுகூலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே, டெக்குக்கு வரும்போது பாதுகாப்புக்கான இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொள். இங்கே உன் காலைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன், அங்கே என் கை எட்டாது.

உன் அப்பா,
ரஸ்ஸல்