கொப்பர் சேலையோடு வருகிறார்

ஹனோவர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் அன்பு மகள் ஆதிரைக்கு,

நீ கம்பாலாவில் நல்ல சுகமாக இருக்கவேண்டும் என்று நான் கும்பிடாத கடவுள் இல்லை. இங்கே நான் சுகம், என் மூட்டு வலியும் சுகம், உன்னைப் பெற்ற கொப்பரின் வீம்பும் ஒரு குறையும் இல்லாமல் நல்ல சுகம். இந்தக் காலத்தில் அம்மா ஏன் தாளில் எழுதுகிறா என்று யோசிப்பாய். வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவாய். அதைவிட, என் கைபேசிக்குக் கடவுச்சொல் வைத்தவரே கொப்பர்தான், நான் உனக்கு எழுதுவதை உனக்கு முன்னமே வாசிக்கிறவரும் அவர்தான். அதனால் இது உன் அலுவலகத்துத் தபால்பெட்டிக்கு வருகிறது. சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும், கடைசிவரை வாசி.

முதலில் உனக்கு ஒரு பெரிய நன்றி. கலியாணம் நைரோபியில் என்றாய், நானும் விசா, காப்புறுதி, அங்கே குளிரா வெக்கையா என்ற ஆராய்ச்சி எல்லாம் முடித்து ஆறுதலாக இருந்த கிழமையே, அம்மா எங்களுக்குக் கம்பாலாவுக்கு வேலை மாற்றம், கலியாணமும் அங்கேதான், ரெண்டும் பக்கத்து நாடுதானே எண்டாய். ஓம் பிள்ளை, பக்கத்து நாடுதான், நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தே போய்விடலாம். நைரோபிக்கு எங்களிடம் கட்டாயமாகக் கேட்காத மஞ்சள் காய்ச்சல் ஊசியை உகண்டாவில் விமான நிலைய வாசலிலேயே கேட்பார்களாம். மூட்டுவாதத்துக்கு நான் கிழமைக்கு ஒருக்கால் போடுகிற மருந்தோடு அந்த ஊசி போட ஏலாது, அதனால் நான் வரவில்லை என்று போன மாதம் உனக்குச் சொன்னேன். நீ அழுதாய், நானும் அழுதேன், கொப்பர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அவருடைய கோபம் உனக்குத் தெரியும், ஆனாலும் நானும் ஒருக்கால் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பெற்ற தகப்பனுக்குக் கலியாணச் செய்தியை ஆராவது நாட்காட்டி அழைப்பாக அனுப்புவார்களா? பல்லு டாக்குத்தரிடம் போகவேண்டிய நேரம், அந்த டெர்மின், வருகிற மாதிரி டிங் என்று வந்து விழுந்தது. கீழே மூன்று பொத்தான், வருகிறேன், வரக்கூடும், வரவில்லை. மனிசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘வரவில்லை’யை அமர்த்தினார். ஏழு மாதமாகிறது, உன்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இதில் பகிடி என்னவென்றால், மாப்பிள்ளையின் பெயர் பீலிக்ஸ் என்று மட்டும் கேட்டபோது ஜேர்மன் பெடியனாக்கும் என்று ஒரு நாள் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார், படத்தைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது. முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் பஸ்ஸிலும் கடையிலும் நீ எந்த நாடு, நீ எந்த நாடு என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கொப்பர் தம்பித்துரை, அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அவன் எந்த நாடு என்பது. நான் பார்த்த பார்வையில் அவருக்கே விளங்கியிருக்கவேண்டும். பிறகு அவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எல்லாப் பழியும் அந்தப் பொத்தானின் தலையில்தான் விழுந்தது.

இப்போது செய்தி. கொப்பர் வருகிறார். துள்ளாதே, கலியாணத்துக்கு இல்லையாம், சேலை கொடுக்கத்தானாம். நான் வர ஏலாது என்றதும், அப்ப ஒருத்தரும் போகேல்லை, வீடியோவிலை பாப்பம் எண்டார். நான் சண்டை பிடிக்கவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த கூறைச் சேலையைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு, இதைத் தபாலில் போட்டால் எங்கே போய்ச் சேருமோ என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். நாலு நாள் சேலை கட்டிலிலேயே கிடந்தது, நாங்கள் இருவரும் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தோம். ஐந்தாம் நாள், சரி, நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன் எண்டார். கலியாணம் இன்னும் நாலு கிழமையில், வெள்ளிக்கிழமை, சேலை கொடுக்கப் போகிறவர் அதற்கு முன் புதன்கிழமை வந்து அடுத்த செவ்வாய்தான் திரும்புகிறார், அது ஏனென்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அதற்குப் பிறகு அவர் செய்த ஆயத்தத்தைப் பார்த்தால் சந்திரனுக்குப் போகிறார் என்று நினைப்பாய். ஒரு பெரிய கோப்பு, அதற்குள் விசாவுக்கு மஞ்சள் அட்டை, ஊசிக்குப் பச்சை அட்டை, எந்தெபே விமான நிலையத்தின் வரைபடம் நிறத்தில் அச்சடித்து மூன்று பிரதி. ஊசி போட்ட அன்று இலேசான காய்ச்சல், அதற்கு எனக்கு வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டித் தந்தார். பிராங்பேர்ட்டுக்கு ரயில், அங்கேயிருந்து அடிஸ் அபாபா, அங்கே மாறி எந்தெபே, புதன் மத்தியானம் பன்னிரண்டரைக்கு இறங்குவார். ரயில் பிந்தும் என்று ஒன்பது மணித்தியாலம் முன்னமே வீட்டை விட்டு வெளிக்கிடுகிறாராம். நடந்து போனால் இன்னும் நிச்சயம் என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கவில்லை.

இனி நீ செய்யவேண்டியது. வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே, கையில் கோப்பு இருக்கும், அது விழுந்தால் உலகம் அழிந்துவிடும். பயணம் எப்படி என்று மட்டும் கேள். பிழையில்லை என்பார், நல்ல சந்தோசம் என்று விளங்கிக்கொள். பெட்டியைப் பீலிக்ஸ் வாங்கப் பார்த்தால் தரமாட்டார், ரெண்டு தரம் கேட்கச் சொல், மூன்றாம் தரம் கேட்காமல் தூக்கச் சொல். வாங்கோ என்று ஒரு சொல் பழக்கிவிடு போதும், மாமா எண்டு முதல் நாளே தொடங்கவேண்டாம், மனிசன் திரும்பி விமானத்துக்குள் ஏறிவிடுவார். எந்தெபேயிலிருந்து கம்பாலா நாற்பது கிலோமீற்றராம், வழி முழுக்க வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பீலிக்ஸுக்கு அவனுடைய ஊரிலேயே பாதை சொல்லுவார். அவனை ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு தன் பாட்டில் ஓட்டச் சொல், நானும் முப்பது வருடமாக அப்படித்தான் சமாளிக்கிறேன். பொத்தான் கதையை நீ எடுக்காதே. அவர் எடுப்பார், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, உன் முகத்தைப் பார்க்காமல். அப்போது நியாயம் கதைக்காமல், அப்பா அது பிழைதான் எண்டு சொல்லு. பிழைதானே பிள்ளை.

இனி எழுதப்போவதைப் பீலிக்ஸுக்குச் சொல், கொப்பருக்கு எந்தக் காலத்திலும் சொல்லாதே. அந்த ஊசி எனக்கு ஏலாது என்பது உண்மை. ஆனால் டாக்குத்தர் அம்மா என்னைப் போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. ஊசி போட ஏலாதவர் என்று ஒரு விலக்குக் கடிதம் எழுதித் தாறன், அதைக் காட்டினால் உள்ளே விடுவினம், நுளம்பு கடிக்காமல் கவனமாக இருக்கவேணும், போறதும் விடுறதும் உங்கடை முடிவு எண்டா. எழுதியும் தந்தா, முத்திரை குத்தின கடிதம், என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் யோசித்தேன். நான் வந்தால் கொப்பர் வரமாட்டார். அம்மா வந்துவிட்டா, அது காணும் என்று நீயும் விட்டுவிடுவாய், மனைவி போய்விட்டாள், அது காணும் என்று அவரும் விட்டுவிடுவார். பிறகு உங்கள் இருவருக்கும் நடுவில் நான் சாகும்வரை தபால்காரியாக ஓடவேண்டும், நான் போன பிறகு அதுவும் இல்லை. கதவைத் திறந்ததும், டாக்குத்தர் ஏலாது எண்டு சொல்லிப்போட்டா எண்டேன். வாழ்க்கையில் அவருக்குச் சொன்ன பெரிய பொய் அதுதான்.

எனக்கு ஆசை இல்லையா என்று நினைக்காதே. உன்னைக் கூறையில் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதப்போனால் இந்தத் தாள் நனைந்து நீ வாசிக்க ஏலாமல் போகும். உன்னுடைய ஒரே கலியாணத்துக்கு நான் இல்லை, இந்தக் கவலை எனக்குப் போகாது, அது பரவாயில்லை.

நீயும் பீலிக்ஸும் நோய்நொடி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் ஒரு நாளும் படுக்காமல், நூறு வருடம் நல்லாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கலியாணப் படம் ஆறுதலாக அனுப்பலாம். அந்தப் புதன்கிழமை அவர் வெளியே வந்து உன் முன்னால் நிற்கும்போது ஒரு படம் எடுக்கச் சொல், நீங்கள் இருவரும் ஒன்றாக நிற்கவேண்டும். அன்றைக்கு நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
சிவமலர் தம்பித்துரை