பின்கதவு வரை போகாத டேப்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் போய் ஓராண்டு நிறைகிறது. அக்காள் நலம். முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. சட்டமன்றத்திலும் மேடைகளிலும் வரியைப் பற்றி நீங்கள் பேசியதை எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்கள். முன்னுரை நான் எழுத வேண்டுமாம். மாநகராட்சியில் வீட்டு வரிக்கு அளந்தவன், உங்கள் பேச்சுகளுக்குக் குறிப்பு எழுதித் தந்தவன், என்னை விட்டால் யார்?

“செத்தவரப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுலே. ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்” என்கிறாள் அக்காள். பயம்தான். உங்களைப் பற்றி நல்லதாக எழுதிவிடுவேனோ என்று பயம்.

எந்த மேடையானாலும் முத்துக்குளிப்பைச் சொல்வீர்கள். சிப்பியைக் குவியல்களாகப் பிரிப்பவர் ஒருவர். எந்தக் குவியல் யாருக்கு என்று காட்டுபவர் வேறொருவர். தனக்கு எது வருமென்று பிரிப்பவருக்குத் தெரியாது, அதனால் எந்தக் குவியலும் இளைக்காது. “வரியும் அப்படித்தான் இருக்கணும்” என்பீர்கள். கூட்டம் கை தட்டும். நானும் தட்டியிருக்கிறேன். அது சரியான கருத்து என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் கோபம் ஆறவில்லை.

துறைமுகச் சாலையில் உப்பு மூட்டை அடுக்கும் உங்கள் கிட்டங்கியை அளக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? முன் அறையை முடித்துவிட்டுப் பின்கதவுக்கு டேப்பை இழுத்தேன். தோளில் கை போட்டீர்கள். “மாப்ள, வெயில்ல எதுக்கு அலையுத? சர்பத்தக் குடி. மொத்தத்தையும் வீடுன்னு போட்டுக்க.” குடித்தேன். முன் அறை அளவை மட்டும் வைத்து, வரி குறைந்த வீடு என்றே எழுதினேன். அந்த வீட்டில் உப்பு மூட்டைகளைத் தவிர யாரும் படுத்ததில்லை.

மறுவாரம் கடற்கரைத் தெருவில் அந்தோணியம்மாள் வீடு. கணவனை இழந்தவள். வாசலில் ஓலைக் கொட்டகை போட்டுக் கூலிக்கு வலை தைத்துக்கொண்டிருந்தாள். விதிப்படி அது தொழிலிடம். மூலைக்கு மூலை இரண்டு முறை அளந்தேன்.

“அண்ணாச்சி, எம் நிழலு வெளிய விழுது. அதையும் சேத்து அளந்துக்கிடும்” என்றாள். தெருவே சிரித்தது. கடை வரி போட்டேன். அவள் உங்களிடம் மனு கொண்டுவந்தாள். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்றீர்கள். அந்த வாக்கியம் நான் எழுதித் தந்தது. அவள் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்து தைத்தாள்.

அதைச் சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு எழுந்தது அத்தான்? நேர்மை நேர்மை என்று முழங்கியபோது ஒருமுறைகூட அந்தப் பின்கதவு நினைவுக்கு வரவில்லையா? போன வாரம் மாதா கோவில் வாசலில் அவள் கேட்டாள்: “ஒங்க அத்தான் புஸ்தகத்துல எங் கொட்டாய் வருதா, அண்ணாச்சி?” செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

‘ஏமாற்றுக்காரர்’ என்று எழுதி அடித்தேன். மறுபடி எழுதினேன். மிகைப்படுத்துகிறேனோ என்ற சந்தேகம் விடவில்லை. நேற்றுக் காலை பழைய டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன்.

“என்ன மாமா அளக்கீய?” என்றான் உங்கள் மகன்.

ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வந்தது. “அன்னைக்கு விட்டுப்போனத” என்றேன்.

அவன் முகம் கறுத்தது. “அப்பா இல்லாத நேரத்துலயா?”

“இருக்கும்போது முடியலயே, மருமவனே.”

பின்பகுதி முன் அறையைப் போல ஏழு மடங்கு. இரண்டு முறை அளந்தேன்.

முன்னுரை முடிந்துவிட்டது. கிட்டங்கியும் அதில் இருக்கிறது, கொட்டகையும் இருக்கிறது. பழியை நம் இருவருக்குமாக இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருக்கிறேன், பெயர் போடாமல். எனக்கு எது வரும் என்று தெரியாமல் பிரித்ததால் இரண்டும் கனமாகவே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தோணியம்மாளிடம் படித்துக் காட்டுவேன். எந்தக் குவியல் யாருக்கு என்று அவள் காட்டட்டும். அப்படியே அச்சுக்குப் போகும். அக்காள் என்னோடு பேசாமல் போனாலும் ஒரு சொல்லையும் எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

அன்று உங்கள் சர்பத்தைக் குடித்த,
உங்கள் மைத்துனன்