அப்பா எடுத்துவிட்ட காற்றாலைக் கதை

மவுண்ட் ரோஸ்கில், ஒக்லாந்து
23.03.1998

என் அன்பு மகள் நிசாந்தினிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் கடவுள் புண்ணியத்தில் நலம், நீயும் அந்த ஐயோவாக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை நீ போனில் "அம்மா, காற்றாலை வரப்போகுது, ஊர்ச்சனம் ஓம் எண்டு கை தூக்கிட்டுது!" என்று கத்தியதிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை, அன்றைக்குப் புட்டுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், பாவம் உன் தம்பி பிரதாபன் தண்ணீராகக் குடித்தான்.

உனக்குத் தெரியாத ஒரு வீட்டுப் புதினம் நடந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாங்க் வேலையை விட்டுவிட்டுக் காற்றாலைக் கோபுரம் ஏறப் போகிறேன் என்று நீ அமெரிக்கா போன நாளிலிருந்து அப்பா உன்னோடு கதைப்பதில்லை அல்லவா, நீ போன் எடுத்தால் மழையானாலும் புல் வெட்டப் போய்விடுவார். அந்த மனிதர் சனிக்கிழமை என்ன செய்தார் தெரியுமா? தமிழ்ச் சங்க ஒன்றுகூடலுக்குப் போனோம். இங்கே ஒக்லாந்து சிற்றிக்குள் கேபிள்கள் பழுதாகி ஒரு மாதமாக ஒழுங்கான கறண்ட் இல்லை, நான் தைக்கிற கடையும் பூட்டு, ஆகவே எல்லார் வாயிலும் கறண்ட் கதைதான். குமாரசாமி அண்ணர் என்னைப் பார்த்து, "உங்கட மோளைக் கூப்பிடுங்கோ, குவீன் ஸ்ட்ரீட்டில ஒரு விசிறி பூட்டிவிடட்டும்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். நான் வாய் திறக்குமுன் அப்பா வடையை வைத்துவிட்டு எழும்பி, "ஓம், விசிறிதான். அந்த விசிறியின்ர கதை தெரியுமோ உங்களுக்கு?" என்றாரே பார்க்கலாம்!

உன் கடிதங்களை நான் சத்தமாக வாசிக்கும்போதும், வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்ன ஊர்க்கூட்டத்தைப் பிரதாபனுக்குச் சொன்னபோதும் பேப்பருக்குப் பின்னால் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார், கள்ளர். மரமில்லாத வெறும் புல்வெளியில் ஜெர்மன்காரர் வந்து வில்லோ பிளஃப் என்று ஊர் கட்டியதும், பண்ணைக்குப் பண்ணை காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்ததும், அதே காற்றில் பற்றறி ஏற்றி ரேடியோ கேட்டதும், அரசாங்கம் கறண்ட் கம்பி இழுத்ததும் அத்தனையையும் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டதும், பிறகு ரயில் நின்று சனம் குறைந்து பள்ளிக்கூடத்தையே மூட இருந்ததும், காற்றாலை வந்தால் அந்த வருமானத்தில் பள்ளிக்கூடம் தப்பும் என்பதும், ஒன்றும் விடவில்லை. கூட்டியும் விட்டார். உன் கூட்டத்துக்கு வந்த இருநூறு பேர் அவர் வாயில் இரண்டாயிரமானார்கள். உன்னை எதிர்த்த பண்ணைக்காரக் கிழவியாக நடிக்க என் சால்வையைப் பறித்துத் தலையில் போட்டுக்கொண்டார்! "பிடுங்கினதைத் திருப்பி எங்களுக்கே விக்க வந்தியோ?" என்று கிழவி கேட்டாளாம், "அண்டைக்குப் பிடுங்கேக்கை நீங்கள் சிரிச்சனீங்களோ, அழுதனீங்களோ?" என்று என் மகள் கேட்டாளாம், கிழவி "அழுதனான்" என்றாளாம், பிறகு ஓம் என்று முதலில் தூக்கிய கை அவளுடையதாம். மண்டபம் முழுக்கக் கைதட்டல், எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது. குமாரசாமி அண்ணர் மெல்ல, "அவ்வளவு உயரம், பிள்ளைக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார். "பயம் எனக்குத்தான் அண்ணை, அவளுக்கில்லை" என்ற அப்பா சட்டென்று உட்கார்ந்து பக்கத்துத் தட்டு வடையை எடுத்துச் சாப்பிட்டார்.

வரும் வழியில் காரை எங்கள் தெருவைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார். கனதூரம் போய்த்தான், "எப்பவாம் கோபுரம் நிமிர்த்துறது?" என்று கேட்டார். செப்டெம்பர் என்றேன். இன்று காலை டிராவல் ஏஜென்ட் கடை திறக்குமுன் வாசலில் போய் நின்று அமெரிக்காவுக்கு மூன்று டிக்கட்டுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! எங்களை எங்கே படுக்க வைப்பாய் என்று இப்போதே யோசி, பிரதாபன் குறட்டை விடுவான்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாண் மட்டும் தின்று கிடக்காதே. இடுப்புப் பட்டியைப் பூட்டாமல் ஒரு படிகூட ஏறாதே. அந்தக் கிழவிக்கு என் அன்பைச் சொல். எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க, என் செல்லமே.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா கௌரி

அப்பா பேனாவைப் பறிக்கிறார், இனி அவர் எழுத்து:

பிள்ளை, ஏறேக்கை கீழே பார்க்காதை. நான் கீழேதான் நிப்பன்.