கேட்வால்வு இல்லாத தண்ணீர்ப் பை

மாப்ளே,

புது ரப்பர்க் குழாயின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து, கடை என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். உன் மகன் இந்தச் சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறப் போகிறான். முதுகுப் பைக்குள் வைத்துக் குழாயில் உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்ப் பை வாங்கித் தரும் பொறுப்பு என்னுடையது. உன் வீட்டுக்காரியின் உத்தரவு: "அவரு கொண்டுபோனாப்பலயே ஒண்ணு வாங்கிக் குடுங்கண்ணா." தங்கச்சிக்கு என்ன தெரியும்?

தொண்ணூறுகளில், பீளமேட்டுப் பம்புப் பட்டறையில் நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது உனக்குக் கல்லடைப்பு வந்தது. அடிக்கடி தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடி வரும் என்றார் டாக்டர். நீயோ வலியில் உருண்டபோது வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறுவதாக வேண்டிக்கொண்டுவிட்டாய். "தண்ணி குடிச்சுட்டே போறதுன்னாப் போங்க. இல்லீன்னா ஊட்லயே கும்புட்டுக்கலாமுங்க" என்று தங்கச்சி முடிவாகச் சொல்லிவிட்டாள். ஒரு கைக்கு மூங்கில் தடி, ஒரு கைக்குப் பாறை. தண்ணீரை எந்தக் கையில் பிடிப்பது?

முதலில் வெந்நீர் ஊற்றும் ரப்பர் ஒத்தடப் பையில் நிரப்பிப் பார்த்தோம். மூன்று நாள் புளித்தண்ணீரில் ஊறப்போட்டும் பஞ்சர் கடையையே குடிப்பது போலிருந்தது. அப்புறம் மருந்துக் கடையில் குளுக்கோஸ் பாட்டிலும் குழாயும் வாங்கினாய். குழாயில் தண்ணீரை நிறுத்த ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதைக் கழற்றி எறிந்தாய். "வாயில உறிஞ்சறதுக்கு எதுக்குடா கேட்வால்வு? எத்தன கெணத்துக்குப் பம்பு மாட்டியிருக்கறேன், எனக்குத் தெரியாதா?" நானும் பம்புக்காரன்தான். தலையாட்டினேன்.

பாட்டிலை முதுகில் கட்டிக்கொண்டு, முதல் மலைப் படியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குழாயை இடுப்போரம் தொங்கவிட்டாய். மேலே பாட்டில், கீழே குழாய். ஒரு தரம் இழுத்துவிட்டால் தண்ணீர் தானே இறங்கும் என்பது பட்டறைக்கு டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். வேர்வை என்று நினைத்து நீ ஏறிக்கொண்டே இருந்தாய். பின்னால் வந்த பெரியவர் உன் நனைந்த வேட்டியைப் பார்த்து, "பயமா இருந்தாத் திரும்பிக்கலாமுங்க சாமி. ஆண்டவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்" என்றார்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பிவிடலாம் என்றேன், நிஜமாகவே பயந்து. அப்போது இறங்கி வந்த ஒருத்தர் கேட்காமலே தன் கேனை நீட்டினார். "குடிங்க சாமி." அதற்கப்புறம் வெட்கத்தை விட்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம் வாங்கிக் குடித்தே ஏழாவது மலை சேர்ந்தாய்.

வீட்டுக்கு வந்ததும், "அந்தக் குழாய்தான் அம்மணி காப்பாத்துச்சு" என்று கூசாமல் புளுகினாய். தங்கச்சி அதை இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பொட்டு வேறு. நீ போய் இரண்டு வருஷமாகியும் உன் பொய்யை நான்தான் காவல் காக்கிறேன்.

கடைக்காரம்மா புதுப் பையின் குழாய் நுனியைக் காட்டி விளக்கினார். "பல்லுல கடிச்சாத்தானுங்க தண்ணி வரும். உட்டா நின்னுக்கும்."

வால்வு, மாப்ளே!

வாங்கிவிட்டேன். உன் மகன் கையில் கொடுத்தபோது, தங்கச்சி காதில் விழாமல் ஒன்று சொல்லிவைத்தேன். "எறங்கி வாரப்ப ஒரு மடக்காவது மிச்சம் வெய்யி கண்ணு. ஏறி வாரவங்க கூச்சப்பட்டுட்டுக் கேக்க மாட்டாங்க. நீயே நீட்டு."