மரகதத்தின் ராஜினாமா

செப்டம்பர் 8, திங்கள்

எட்டயபுரம் பக்கத்திலிருந்து இன்று முப்பத்தொரு மண் மாதிரி வந்தது. எல்லாம் கரிசல். பையைப் பிரித்தாலே கை கறுத்துவிடும். ஆறு வருஷமாக இந்தப் பரிசோதனைக் கூடத்தில் இதே வேலை, ஒரு நாளும் எனக்குச் சலித்ததில்லை. இன்று மட்டும் ஒரே மண்ணை இரண்டு தடவை எடை போட்டேன். மனசு அங்கே இல்லை.

காரணம் ஜோஸ்வின். போன மாதம் பெண் பார்க்க வந்தபோது ஐந்து நிமிஷம் எங்களைத் தனியாக விட்டார்கள். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. "சினிமா, டிவில ஒங்களுக்குப் பிடிச்ச ஜோடி யாரு?" என்று அவர்தான் கேட்டார். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்து ஜோடியைச் சொன்னேன், கடைசி ரீல் வரை சண்டை போடுகிறவர்கள். அவர் சிரித்தார். தனக்கு மரகதமும் பாஸ்கரனும்தான் என்றார். 'மூன்றாம் நம்பர் போர்ஷன்' என்று நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிறுதோறும் வந்த தொடர். எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். நல்ல மாதிரி என்று தோன்றியது, பேசி முடித்தாயிற்று. அக்டோபர் 22 கல்யாணம்.

அந்தத் தொடரை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். சும்மா இருக்கமாட்டாமல் பார்க்க ஆரம்பித்தேன். கடைசிப் பகுதி மட்டும் பாக்கி.

செப்டம்பர் 11, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேசை காளீஸ்வரியோடு பார்த்து முடித்தேன்.

மரகதம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறவள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. பாஸ்கரன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, ஜன்னல் பக்கம் நின்று பெருமூச்சு விடுகிறான். அவளாகவே புரிந்துகொண்டு ராஜினாமாக் கடிதத்தை அவன் காபி டம்ளருக்குக் கீழே வைக்கிறாள். அவன் கண் கலங்குகிறது. வீணை வாசிக்கிறார்கள். சுபம்.

காளீஸ்வரி மூக்கை உறிஞ்சினாள். "இருந்தா இப்படில்லா ஒரு ஜோடி இருக்கணும்" என்றாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜோஸ்வின் ஊர் எப்போதும்வென்றான். அங்கிருந்து இங்கே கோவில்பட்டிக்கு ஒரு மணி நேரம் பஸ். கல்யாணத்துக்குப் பிறகு என் வேலை என்ன ஆகும் என்று அவர் இதுவரை பேச்செடுக்கவில்லை. நல்ல மனுஷன், தலையிட மாட்டார் என்று இருந்தேன். இப்போது — நானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருக்கிறாரோ?

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் ஓலை. பூசையில் பங்குச் சாமியார் எங்கள் பெயரையும் ஊரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள், அதன்பிறகு கல்யாணம். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தடை எனக்கல்லவா தெரியும். எழுந்து என்னவென்று சொல்வது? டிவி தொடர் என்றா?

செப்டம்பர் 17, புதன்

சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏட்டி சபிதா, நாடகத்தப் பாத்தா மாப்பிள்ளைய எடை போடுவா ஒருத்தி?" என்றாள்.

அம்மாவுக்குப் பிடித்த ஜோடி, கடைசியில் கைகோத்துக்கொண்டு ஆற்றில் விழுந்து சாகிற ஜோடி. அதைச் சுட்டிக் காட்டினேன்.

"அவிய செத்தாலும் சேந்துல்லா செத்தாவ."

இவளிடம் போய் யோசனை கேட்டேனே.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மாலையில் அவருடைய அம்மா போன் செய்தார். "இனிமே ஒனக்கு மண்ணளையுத வேலை இல்லம்மா. நம்ம வீட்டுல நிம்மதியா இரி." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயம்.

செப்டம்பர் 24, புதன்

கேட்டுவிட்டேன். மதியம், பஸ் ஸ்டாண்டு சத்தத்துக்கு நடுவில், போனில்.

"கல்யாணத்துக்குப் பொறவும் நான் வேலைக்குப் போவேன். மரகதம் மாதிரி நானாப் புரிஞ்சிக்கிடுவேன்னு காத்திருந்தீங்கன்னா அது நடக்காது."

"கடேசிப் பகுதிய நான் கவனிச்சதே இல்ல" என்றார். "எங்க அப்பாவும் அம்மாவும் வருஷக்கணக்கா பேசிக்கிட மாட்டாவ. அந்த நாடகம் ஓடுத அரைமணி நேரம் மட்டும் ஒரே பாயில இருப்பாவ. நான் எங்க நாடகத்தப் பாத்தேன்? அவியளத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

இந்த மனுஷனை இத்தனை நாள் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

அதற்குள் அவரே சொன்னார். "ஆனா ஒண்ணு. நீங்க வேலைய விட்டுருவீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன். கேட்டாவ... சண்டை வேண்டாமேன்னு சரின்னுட்டேன்."

"என்னக் கேக்காமலா?"

"தப்புதான்."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்று வைத்துவிட்டேன். பெருமூச்சு விடுகிற பாஸ்கரன்கூடப் பரவாயில்லை. இவர் என் ராஜினாமாவை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

போன் இல்லை. நானும் செய்யவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

சாமியார் வேறு இரண்டு ஜோடிகளை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பெண்கள் பக்கம் முழுக்கப் பார்த்தது. போச்சு, எல்லாம் போச்சு. வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தேனா நான்?

பூசை முடிந்ததும் அம்மா சாமியாரிடம் ஓடினாள். மாப்பிள்ளைதான் நேற்றுப் போன் செய்து ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொன்னாராம். காரணம் சொல்லவில்லையாம். அம்மா வீடு வரும்வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

செப்டம்பர் 29, திங்கள்

மதியம் அவர் பேசினார்.

"அம்மாகிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். வேலைக்குப் போவேன்னுதான் நீங்க சொன்னீங்க, பொய் சொன்னது நான்னு. பெரிய சண்டை. அது முடியாம ஓலை வாசிக்க மனசு வரல."

"முடிஞ்சுதா?"

"இல்ல. மூணு நாளா வீட்டுல பேச்சில்ல. ஆனா நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் நான் கோயிலில் அப்படிச் செத்துப் பிழைத்திருக்க மாட்டேனே என்று கேட்டேன். "ஒங்களுக்குப் போன் போடவும் பயம்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

மாலையில் அவருடைய அம்மா போன். நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பில், "ஏட்டி, கோவில்பட்டிக்கு ஏழேகால் பஸ்ஸ விட்டா எட்டரைக்குத்தான் அடுத்தது, தெரியுமா?" என்றார்.

"தெரியாது அத்தை."

"தெரிஞ்சிக்க. விடியமுன்ன எந்திரிச்சு ஒனக்கு நான் சோறு கட்டித் தருவேன்னு நெனைக்காத."

"சரி அத்தை."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"புளிக்கொழம்பு திம்பியா?" என்றார்.